இடுப்புக்கு மேலே முத்தம்மா

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இரண்டு மீன்பெட்டிகளின் உயரத்தை அளந்தது.

அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. காசிமேட்டில் எங்கள் தெருமுனையில் வலை பின்னும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே பச்சை பிளாஸ்டிக் பெட்டிகளை இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக அடுக்கி, மேலே ஒரு பி.வி.சி. குழாயைக் கிடத்தி, அம்மா தாண்டிப் பழகுவாள். ஒரு பெட்டி முப்பது சென்டிமீட்டர். இரண்டு பெட்டி அறுபது. கழியின் நுனியில் துணிக்குதிரைத் தலையைப் பொருத்தி, அதைக் கால்களுக்கு நடுவே வைத்து ஓடித் தாண்டும் கட்டைக்குதிரைப் போட்டியில் அவள் வயதுக்காரர்களுக்கு வைக்கும் உயரம் அதுதான். எட்டு மாதமாக இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று என் பையில் எஃகு நாடா இருந்தது. அனல்மின் நிலையங்களின் அழுத்தமானி, வெப்பமானிகளை அளவுத்திருத்தம் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் அத்திப்பட்டுப் பக்கம்தான் வேலை. அளக்காமல் எதையும் நம்பக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆனாலும் எட்டு மாதம் அந்தப் பெட்டிகளை நம்பியிருந்தேன்.

“ம்மா, இது அம்பத்தேழுதான்.”

“இன்னாது?”

“ஒரு பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டி எறங்கி உக்காருது. மூணு சென்டிமீட்டர் கம்மி.”

அம்மா குதிரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெட்டிகளைப் பார்த்தாள். முப்பது வருடமாக அந்தப் பெட்டிகளை அடுக்குகிறவள். அவை ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“மூணு சென்டிமீட்டர் இன்னாத்துக்குடி ஆவும்? ஒரு நெத்திலி நீளம்கூட கெடையாது.”

“அந்த நெத்திலி தட்டித்தான் குழா விழும்.”

அம்மா குழாயைத் தூக்கிக் கீழே வைத்தாள். பிறகு, “அப்போ வெய்யி, நெத்திலிய வெய்யி” என்றாள்.

ஒட்டுப்பலகைத் துண்டுகளை அறுத்துப் பெட்டிகளுக்கு அடியில் கொடுத்தேன். அறுபது. அம்மா பன்னிரண்டு தப்படி பின்னால் போய், கழியைக் கால்களுக்கு நடுவே சரிசெய்துகொண்டு ஓடி வந்தாள். முதல்முறை குழாய் விழுந்தது. எடுத்து வைத்தேன். அடுத்த முறை விழவில்லை.

மூச்சு வாங்க நின்று, குதிரையின் கழுத்தில் தட்டிக் கொடுத்தாள். “பாத்தியா? அதுக்கு அப்பவே தெரியும். எனக்குத்தான் பயம்.”

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை விடியற்காலை, மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்துக்குக் காத்திருந்தபோது, உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து அப்படியே பக்கத்தில் சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த குதிரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரியாது. முத்தம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். வெற்றிலை போடுவாள். ரயிலில் பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் எதற்காக ஒரு கழியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஓடினாள்? உயிரோடு இருந்தபோது இதை நான் விளையாட்டாக மட்டுமே கேட்டிருந்தேன். அவள் போன பிறகுதான் உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

குதிரையிலிருந்து தொடங்கினேன். தலை மட்டும்தான் குதிரை. மீதி மாப்புக் கட்டை. நீளம் 94 சென்டிமீட்டர். மொத்த எடை 610 கிராம். முகம் என்னுடைய பழைய ஜீன்ஸ். உள்ளே திணித்திருப்பது கிழிந்த வலைநூல். பிடரியும் நீல வலைநூல்தான், ஆனால் புதிது. காதுகள் ரப்பர் செருப்பிலிருந்து வெட்டியவை. கண்கள் இரண்டு பொத்தான்கள். இடது கண் பெரியது, அதனால் எப்போதும் எதையோ சந்தேகப்படுவது போலப் பார்க்கும். கழுத்தில் வெள்ளை எனாமலில், படகுகளுக்கு எழுதுவது போல ஒரு பதிவெண். அது நைனாவின் வேலை. என் அப்பா ரகுபதி விசைப்படகு ஓட்டுபவர். மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தபோது எழுதினார்.

“நம்பர் இல்லாம சுத்துனா கோஸ்ட்கார்டு புடிச்சினு பூடுவான்” என்றார் அப்போது.

“ஒன்னிய மொதல்ல புடிக்கட்டும்” என்றாள் அம்மா. ஆனால் எண்ணை அழிக்கவில்லை.

துறைமுகத்தில் அதன் பெயர் தொடப்பக்கட்டை. ஏலத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பவானி அக்காதான் வைத்த பெயர். “இன்னா முத்தம்மா, வண்டிய எங்க பார்க்கிங் போட்ட?” என்று தினமும் ஆரம்பிப்பார். “புல்லு தின்னுச்சா, இல்ல கானாங்கெளுத்தி போட்டியா?” அம்மா பதில் சொல்ல மாட்டாள். அவள் பேசாமல் இருந்தாள் என்றால் அந்த விஷயம் அவளுக்கு முக்கியம் என்று அர்த்தம்.

காரியம் முடிந்த வாரத்தில் ரோஸ்மேரி டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அண்ணன் குடும்பம் திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறது. கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். பின்லாந்தில் பள்ளிப் பெண்கள் கட்டைக்குதிரை ஓட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்து, ஞாயிறு மாலைகளில் பக்கத்துத் திடலில் ஒன்பது பெண்பிள்ளைகளை வைத்து ஆரம்பித்தவர். அம்மா அவர் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுப்பாள். போன வருடம் நவம்பரில் ஒருநாள் வீடு பூட்டியிருந்ததால், கூடையோடு திடலுக்கே போயிருக்கிறாள்.

“கூடைய எறக்கி வச்சிட்டு ஒரு மணி நேரம் நின்னா, பாத்துக்க” என்றார் டீச்சர். “மீனு வெயில்ல கெடக்கு, எனக்கு மனசு அடிச்சுக்கிடுது. கடைசில வந்து, ‘டீச்சர், இதுல குதிர யாரு, மனுசி யாரு?’ன்னு கேட்டா. இத்தன பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒருத்தியும் இந்தக் கேள்வியக் கேட்டதில்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உள்ளதச் சொன்னேன். இடுப்புக்கு மேல மனுசி. கீழ குதிர.”

விளையாட்டின் விதியே அதுதான். கைகள், தோள், பார்வை எல்லாம் ஓட்டுபவருடையவை, அவை பதறக்கூடாது. கால்கள் குதிரையுடையவை, அவை நடக்கும், பெருநடை போடும், பாயும். நடுவர் இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார். தடையின் முன் ஓட்டுபவர் தயங்கி நின்றுவிட்டால், அவர் நின்றதாக எழுத மாட்டார்கள். குதிரை மறுத்தது என்றுதான் எழுதுவார்கள்.

அம்மா இதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு அது களத்துக்குள் மட்டும் செல்லும் விதி. அவள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

அவளுடைய முழங்கால்கள் எப்போதோ தேய்ந்துபோனவை. பனிக்கட்டி போட்ட பெட்டியைத் தலையில் தூக்கிப் பத்து வருடம் நடந்திருக்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டால் “எனக்கு இன்னா கேடு?” என்பாள். டாக்டரிடமும் அதே பதில்தான். டிசம்பரில் ஒருநாள் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், நான் கேட்காமலே சொன்னாள்: “குதிரைக்கு முட்டி வலிக்குது ஜோதி.”

நான் சிரித்தேன். பிறகு தைலம் எடுத்து வந்தேன். மறுக்காமல் காலை நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் உடம்பைப் பற்றி எதுவும் தெரிய வேண்டுமென்றால் நான் குதிரையைத்தான் கேட்டேன். குதிரை நேற்று சரியாகத் தூங்கவில்லை. குதிரைக்கு இடது பாதத்தில் எரிச்சல். குதிரைக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், ஆனால் அதற்கு மாத்திரை பிடிக்கவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் எனக்குக் கிடைக்காத தகவலெல்லாம் அந்தப் பத்து மாதத்தில் கிடைத்தது.

இறப்பதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: “குதிரைக்கு இன்னிக்கு மூச்சு வாங்குது.”

“ரெஸ்ட் குடும்மா அதுக்கு” என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

இதை நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் நடந்த முதல் போட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று நான் ஷிப்டில் இருந்தேன். பலர் சொல்லிக் கேட்டதைச் சேர்த்து எழுதுகிறேன்.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனியாகத் தாண்டல் பிரிவு வேண்டும் என்று டீச்சரிடம் பிடிவாதம் பிடித்ததே அம்மாதான். பிள்ளைகள் தாண்டும்போது பெரியவர்கள் அணிவகுப்பில் நடந்தால் போதும் என்பது மற்றவர்களின் எண்ணம். “நடக்கறதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் குதிர? நான் நடந்தே போவேனே” என்றாளாம். சரி, நான்கு பேர் சேர்ந்தால் பிரிவு உண்டு என்றார் டீச்சர். அதற்குக் குறைந்தால் கிடையாது, அது விதி. டீச்சரின் அண்ணி ஒருவர். பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைப்பவர் ஒருவர். அம்மா. நான்காவது ஆளை அம்மாவே எண்ணூருக்குப் போய்ப் பிடித்து வந்தாள். அவர்தான் செல்லம்மா.

செல்லம்மா எண்ணூரில் தாழங்குப்பத்தில் இருக்கிறார். முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர். அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர். முதலில் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்திருக்கிறார். அம்மா மூன்று வாரம் விடாமல் போய்ப் பேசியிருக்கிறாள். கடைசியில் செல்லம்மா கான்வாஸ் ஷூ வாங்கினார். அவர் வாழ்க்கையில் போட்ட முதல் ஷூ அது. போட்டி நாளன்று இரண்டு ஷேர் ஆட்டோ நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு திடலுக்கு வந்து இறங்கினார். அவர் பேத்தி வரைந்த ஒரு அட்டையில் குதிரை படம். அதற்குக் கீழே “ஆயா” என்று மட்டும் எழுதியிருந்ததாம்.

போட்டியாளரை மூன்று முறை அழைப்பார்கள். மூன்றாவது அழைப்பு முடிவதற்குள் கோட்டில் வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எல்லா ஓட்டப் போட்டியிலும் இருப்பதுதான். டீச்சர் மைக்கில் அதைத் தமிழில் சொன்னார். பிரிவில் முதல் பெயர் அம்மாவுடையது.

“முத்தம்மா, ஒரு தரம்.”

அம்மா கோட்டிலிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். போட்டிக்காகப் போட்டிருந்த சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள்.

“முத்தம்மா, ரெண்டு தரம்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடல் பக்கம் பார்த்தாள்.

துறைமுகத்தில் ஏலம் கேட்டவர்களுக்கு இது புரியும். ஒரு தரத்தில் அசைபவள் அனுபவமில்லாதவள். இரண்டு தரத்தில் கண்ணில் ஆசை தெரிந்தாலே எதிராளி விலையை ஏற்றிவிடுவான். அதனால் வேறு எங்கோ பார்க்க வேண்டும். மூன்றாவது தரம் சொல்லி வாய் மூடுகிற அந்த நொடியில் விரலைத் தூக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி கைக்கு வரும். முப்பது வருடம், வருடத்துக்கு முந்நூறு நாள், அம்மாவின் உடம்பு அந்த மூன்று சொல்லுக்குப் பழகியிருந்தது.

“முத்தம்மா, மூணு தரம்.”

அம்மா திரும்பி, சிரித்துக்கொண்டே விரலைத் தூக்கினாள்.

டீச்சர் பெயரை அடித்தார்.

“நான் அடிச்சிருக்கக் கூடாதோன்னு இப்பவும் நெனைக்கேன்” என்றார் டீச்சர் என்னிடம். “ஆனா காலைல ஒரு சின்னப் பிள்ளைக்கு அதே மாரி அடிச்சிருந்தேன். அது அழுதுக்கிட்டே உக்காந்திருக்கு. எப்படி இவளுக்கு மட்டும் விடுவேன், சொல்லு?”

அம்மாவின் பெயர் போனதும் மூன்று பேர் மிஞ்சினார்கள். நான்கு பேர் இல்லை. பிரிவு ரத்து. செல்லம்மா ஷூ போட்டபடி நின்றார். ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள் அப்போதுதான் நல்ல இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

செல்லம்மா அம்மாவிடம் வந்தார். அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் அந்தப் பேச்சு கேட்டது.

“மூணு தபா கூப்ட்டாங்களேடி, காது அடச்சிகிச்சா?”

“மூணாவது தபாதான் வரணும். அதான மொற?”

“எந்த ஊரு மொற? இது இன்னா மீனு மார்க்கெட்டா? நான் பாட்டுக்குத் தண்ணில குந்திகினு கெடந்தேன். இட்டாந்து இவ்ளோ சனத்துக்கு முன்னால நிக்க வெச்சிட்டியே.”

“அட, அடுத்த தபா பாத்துக்கலாம் வுடு.”

அந்த “வுடு”தான் தப்பு என்று டீச்சர் நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. செல்லம்மா அங்கேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஆட்டோவில் ஏறிப் போனார். பேத்தி அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாளாம்.

வீட்டில் அம்மா ஒரு வாரம் நியாயம் பேசினாள். மூன்றாவது தரத்துக்குத்தான் மால் விழும், ஊருக்கே தெரியும், டீச்சர் தெற்கத்திக்காரங்க, அவங்களுக்கு ஏலம் தெரியாது. நைனாதான் குறுக்கே கேட்டார்: “செரி, செல்லம்மாவுக்கு ஏலம் தெரியுமா? அந்தம்மா இன்னா பண்ணிச்சு?”

அம்மா எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு நியாயம் பேசவில்லை. கொட்டகையில் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.

அடுத்த போட்டி டிசம்பர் என்று அறிவித்தார்கள். விதி அதேதான்: நான்கு பேர். இருந்தவர்கள் மூன்று. நான்காவது ஆளாக வேறு யாரையாவது சேர்த்திருக்கலாம். டீச்சரே இரண்டு பெயர் சொன்னார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. செல்லம்மாதான் வர வேண்டும். நானே போய்க் கேட்பேன் என்றாள். மன்னிப்புக் கேட்பேன் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. “போய் பேசினு வரேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்குபவர்கள் குறைவு. அதனால் அன்று அம்மாவுக்கு நேரம் இருக்கும். “வெள்ளிக்கெழம எண்ணூர் போறேன் டீச்சர்” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாளாம். எட்டு மாதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள்.

“ஒரு தடவ கெளம்பவே செஞ்சா” என்றார் டீச்சர். “நடு வழியில எறங்கி இங்க வந்து உக்காந்துட்டா. ‘எண்ணூர் பஸ்ல ஏறிட்டேன் டீச்சர், குதிர நின்னுபோச்சு’ன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. அப்புறம் காப்பி குடிச்சிட்டுப் போயிட்டா.”

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று டீச்சரிடம் கேட்டேன். எனக்கு இரண்டு ஊகங்கள் இருந்தன. ஒன்று, படகுகள். துறைமுகத்தில் படகுகளை ஒன்றையொட்டி ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு கட்டியிருப்பார்கள். ஆண்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டித் தாண்டித்தான் தங்கள் படகுக்குப் போவார்கள். பெண்கள் படகில் கால் வைக்கும் வழக்கம் எங்களில் இல்லை. கரையில் நின்று கூப்பிட வேண்டும். முப்பது வருடம் மற்றவர்கள் தாண்டுவதைப் பார்த்தவளுக்குத் தாண்ட ஆசை வந்திருக்கலாம். இன்னொன்று முழங்கால்: தன் வலியைச் சொல்ல அவளுக்கு ஒரு குதிரை தேவைப்பட்டிருக்கலாம். இரண்டையும் சொன்னேன்.

டீச்சர் தலையை ஆட்டினார். “போட்டப் பத்தி நானே கேட்டிருக்கேன். ‘அங்க இன்னா கீது டீச்சர், டீசல் நாத்தம்’னு சொல்லிட்டா. முட்டி வலிக்குத் தாண்டுறவ உண்டுமா? அவகிட்ட ஒரே பதில்தான். ‘ஞாயித்துக்கெழம இங்க வந்தா ரெண்டு மணி நேரம் எவனும் என்ன எவ்ளோன்னு கேக்க மாட்றான்.’”

மீன் விற்பவளிடம் ஊரே கேட்கும் கேள்வி அது. காலை நான்கு மணியிலிருந்து எவ்ளோ, எவ்ளோ, எவ்ளோ. கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள்தான் அதிகம். திடலில் அந்தக் கேள்வி இல்லை. இந்தப் பதில் முழுமையானதா என்று எனக்குத் தெரியவில்லை. இது அவளே சொன்னது என்பதால் எழுதி வைக்கிறேன்.

அம்மாவின் பதினாறாம் நாளன்று பவானி அக்கா வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகும் போகவில்லை. கதவுக்குப் பின்னால் போய்க் குதிரையை எடுத்துப் பார்த்தார். காதைத் தொட்டார். என்னிடம் வந்து, “அந்தக் குதிர போட்டிக்கு ஃபாரம் கீதாமே, அதுல எம்பேர எழுது” என்றார்.

“எதுக்குக்கா?”

“இன்னா எதுக்கு? ஒங்கம்மா பூட்டா, ஒரு ஆளு கொறையுதுன்னு சொல்லிகினாங்க. எனக்கும் நாப்பத்தாறு ஆவுது.”

“நீங்க ஓடியே நான் பாத்ததில்லயே.”

“ரோட்டோரம் கட போடாதேன்னு போலீஸு வெரட்ட சொல்ல, முப்பது கிலோ கூடையோட ஓடிகீறேன். இந்தத் தொடப்பக்கட்டையோட ஓட மாட்டனா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா குதிரைய நான் வாங்கிக்க மாட்டேன். அது அவளுது. எனக்கு வேற கட்ட பாத்துக் குடு.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டீச்சரின் அண்ணி, சத்துணவு சமையல்காரம்மா, பவானி அக்கா. மறுபடி மூன்று.

போன வாரம் அம்மாவின் போனைப் பார்த்தேன். எண்களை எழுதி வைத்துக்கொண்டு இணைப்பை நிறுத்தத்தான் எடுத்தேன். “எண்ணூர் செல்லம்மா” என்ற பெயரில் இரண்டு அழைப்புகள் இருந்தன. ஒன்று மார்ச் மாதம். ஒன்று ஆகஸ்டு. இரண்டையும் அம்மா எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடவும் இல்லை. என்னிடமோ நைனாவிடமோ டீச்சரிடமோ சொல்லவும் இல்லை.

நான் அந்த எண்ணை அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சாவுக்குச் செல்லம்மா வரவில்லை. பதினாறுக்கும் வரவில்லை. கோபம் என்று நினைத்திருந்தேன். யார் போய்ச் சொன்னது என்று நைனாவிடமும் டீச்சரிடமும் கேட்டேன். டீச்சர் நாங்கள் சொல்லியிருப்போம் என்று இருந்திருக்கிறார். நாங்கள் டீச்சர் சொல்லியிருப்பார் என்று இருந்திருக்கிறோம். தாழங்குப்பத்துக்கு யாருமே ஆள் அனுப்பவில்லை.

நேற்று இரண்டு பேர் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தோம். தாழங்குப்பத்துக்கு நானே போகப்போவதாக நைனாவிடம் சொன்னேன்.

“போயி இன்னா சொல்வ?” என்றார்.

“அம்மா போனதச் சொல்லணும்.”

“அது ஒண்ணு. அப்பால?”

“பிப்ரவரில தப்பு அம்மா மேலதான்னு சொல்லணும்.”

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அவ ஒத்துகினதே இல்லியே.”

“எட்டு மாசமா எண்ணூர் போறேன், போறேன்னு சொல்லிகினு இருந்தாங்களே நைனா. வேற எதுக்கு?”

“அப்போ ஒங்கம்மா சொல்லச் சொன்னான்னு சொல்லாத. அவ சொல்லச் சொல்லல. சொல்ல வந்துகினு இருந்தான்னு சொல்லு. பாதி வழி வந்தான்னு சொல்லு.”

நான்காவது பெயருக்கு இடம் காலியாக இருக்கும் போட்டிப் படிவத்தை டீச்சரிடம் கொடுக்க சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது. நாளை வெள்ளி, விடுப்பு சொல்லிவிட்டேன். வீட்டு எண் தெரியாது. கையால் இறால் பிடிக்கிற செல்லம்மா என்று கேட்டால் காட்டுவார்கள் என்கிறார் நைனா. காலையில் தண்ணீர் வற்றும் நேரத்தில் அவர் வேலையில் இருப்பார். கரையில் நின்றுதான் கூப்பிட வேண்டும்.